கூடம் கோணலா, ஆடத் தெரியவில்லையா? – சிவகாசியும் ஒரு நிபந்தனையும்

நீதிமன்றம் ஒருவருக்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது. குறித்த காலத்தில் அவர் அதை நிறைவேற்றவில்லை. உடனே தண்டித்துவிடலாமா?

'சொன்னதைச் செய்யவில்லை, அப்புறம் என்ன பேச்சு?' என்றுதான் பலரும் கேட்பார்கள். ஆனால் செய்யாமல் போனதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, செய்ய முடியாமல் போனது. மற்றொன்று, செய்ய முடிந்தும் வேண்டுமென்றே செய்யாமல் விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்ற பழமொழி நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சில நேரம் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்குமே! அப்போது என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குச் சட்டம் மெல்ல மெல்லப் பதில் தேடிய வரலாறு சுவாரசியமானது. அதில் ஒரு பெரிய அத்தியாயம் நம் விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியில் நடந்தது. முதலில் பழைய கதையைப் பார்த்துவிட்டுச் சிவகாசிக்கு வருவோம்.

செருப்புத் தைப்பவர் தொடங்கி வைத்தது

குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், சில நிபந்தனைகளோடு வெளியே விட்டுக் கண்காணிக்கும் முறைக்கு 'நன்னடத்தை' முறை என்று பெயர். இதைத் தொடங்கி வைத்தவர் நீதிபதியோ வக்கீலோ அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காலணி தைக்கும் தொழில் செய்த ஜான் அகஸ்டஸ் என்பவர். 1841-ஆம் ஆண்டு, குடிபோதைக் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நின்ற ஒருவருக்கு இவர் பிணை நின்றார். அந்த ஆள் குடியை விட்டுவிட்டுத் திருந்தியவராகத் திரும்பி வந்து நின்றபோது நீதிமன்றமே வியந்தது. அதன்பின் பல ஆண்டுகள் அகஸ்டஸ் இதையே தொண்டாகச் செய்தார். 1878-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்குச் சட்டம் இயற்றியது. 1907-இல் இங்கிலாந்தும் இயற்றியது.

இந்தியாவில் இந்த விஷயத்தில் முன்னால் நின்ற மாகாணங்களில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. 1936-ஆம் ஆண்டிலேயே இங்கு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்துவிட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் 1958-இல்தான் வந்தது. குற்றவாளியிடம் மூன்றாண்டுக்கு மிகாத காலத்துக்கு ஒரு பிணைப்பத்திரம் எழுதி வாங்குவார்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவர் அவரைக் கண்காணிப்பார். இந்த ஊரில் இருக்க வேண்டும், குடிக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் அதில் இருக்கும்.

நிபந்தனையை மீறினால்? 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. நீதிமன்றம் அவரை வரவழைத்து விசாரிக்க வேண்டும். நிபந்தனையைக் கடைப்பிடிக்கத் தவறினார் என்று தெரிந்தால் பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுக்கலாம். முதல் தடவை தவறியிருந்தால் ஐம்பது ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு விட்டுவிடவும் செய்யலாம்.

இந்தப் பிரிவில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 'தவறினார்' என்றுதான் சட்டம் சொல்கிறது. 'வேண்டுமென்றே தவறினார்' என்று சொல்லவில்லை. ஏன் தவறினார் என்று கேட்கும் வேலையை நீதிபதியின் மனசாட்சியிடம் விட்டுவிட்டது. அதேசமயம் 8-ஆம் பிரிவில் ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. நன்னடத்தை அலுவலர் விண்ணப்பித்தால், பத்திரத்திலுள்ள நிபந்தனைகளை நீதிமன்றம் மாற்றி அமைக்கலாம். அதாவது, நிபந்தனை பொருந்தவில்லை என்றால் மீறுவதற்கு முன்பே சொல்லி மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. இந்த இரண்டு பிரிவுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிவகாசிக்கு வரும்போது தேவைப்படும்.

வேலை போனவரும் கடன்பட்டவரும்

'ஏன் தவறினார்' என்ற கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த வழக்கு அமெரிக்காவில் வந்தது. பியர்டன் எதிர் ஜார்ஜியா, 1983.

திருட்டு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட பியர்டனை, 750 டாலர் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு நன்னடத்தையில் விட்டார்கள். அபராதம் 500 டாலர், நஷ்ட ஈடு 250 டாலர். முதல் 200 டாலரைப் பெற்றோரிடம் கடன் வாங்கிக் கட்டிவிட்டார். பிறகு வேலை போய்விட்டது. ஒன்பதாம் வகுப்புவரைதான் படிப்பு, வாசிக்கவும் தெரியாது. தேடியும் வேறு வேலை கிடைக்கவில்லை. பணம் கட்டத் தாமதமாகும் என்று நன்னடத்தை அலுவலகத்துக்கு அவரே முன்கூட்டிச் சொல்லியும் இருந்தார். ஆனாலும் நன்னடத்தையை ரத்து செய்து மீதிக் காலத்தைச் சிறையில் கழிக்கச் சொல்லிவிட்டது கீழ் நீதிமன்றம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். அவர் வகுத்த வழி இதுதான். முதலில் ஏன் கட்டவில்லை என்று விசாரிக்க வேண்டும். பணம் இருந்தும் மறுத்தாலோ, சம்பாதிக்க நேர்மையான முயற்சி செய்யாவிட்டாலோ சிறைக்கு அனுப்பலாம். முயன்றும் முடியவில்லை என்றால் வேறு வழியைப் பார்க்க வேண்டும்: கூடுதல் அவகாசம் தரலாம், தொகையைக் குறைக்கலாம், பொதுச்சேவை செய்யச் சொல்லலாம். அந்த வழிகள் எதுவுமே போதாது என்றால் மட்டுமே சிறை.

இதற்கு மூன்றாண்டுகள் முன்பே இந்திய உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வந்திருந்தது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பேங்க் ஆஃப் கொச்சின் வழக்கு. அங்கே பிரச்சினை நன்னடத்தை அல்ல, வங்கிக் கடன். தீர்ப்பான கடனைக் கட்டாதவரைச் சிவில் சிறைக்கு அனுப்பலாமா என்ற கேள்வி. கட்டவில்லை என்பது மட்டும் போதாது, கட்ட வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாமல் இருந்தார் என்று தெரிய வேண்டும் என்றார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். ஏழையாக இருப்பதற்காக ஒருவரைச் சிறையில் போட்டால், அது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவுக்கே விரோதம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவில் 'நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம்' என்று படிப்பது இதன் பங்காளிதான். ரிசர்வ் வங்கி சொல்லும் 'வேண்டுமென்றே கடன் கட்டாதவர்' என்ற வகையும் அப்படியே. நஷ்டப்பட்டுக் கட்ட முடியாதவர் வேறு. கட்டச் சக்தி இருந்தும் கட்டாதவர், வாங்கிய கடனை வேறு காரியத்துக்குத் திருப்பிவிட்டவர் வேறு. இரண்டு பேருடைய பாஸ்புக்கிலும் பாக்கி ஒரே தொகையாக இருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் ஒன்றல்ல.

சிவகாசிக்கு வந்த நிபந்தனை

1922-இல் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை குறைந்த, விவசாயம் கைகொடுக்காத பூமிக்கு அது பிழைப்பைக் கொடுத்தது. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசும் அச்சுத்தொழிலும் வந்தன. இந்தியாவில் வெடிக்கும் பட்டாசின் பெரும்பகுதி இன்று சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில்தான் தயாராகிறது.

இந்தத் தொழிலே நிபந்தனைகளின் மேல் நடப்பதுதான். நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. உரிமம் என்று ஆலையின் அளவுக்குத் தக்க மூன்று வகை உரிமங்கள். ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன விபத்தை நினைத்தால் அந்த விதிகள் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் 2018-இல் வந்த நிபந்தனை வேறு மாதிரியானது. 2015-இல் டெல்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரில், அவர்களுடைய தந்தையர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நல்ல காற்றைச் சுவாசிக்கும் உரிமை எங்களுக்கு இல்லையா என்பது கேள்வி. அர்ஜுன் கோபால் வழக்கு என்று இதற்குப் பெயர். 2017 ஜூலையில் ஆண்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகியவை பட்டாசில் இருக்கக் கூடாது என்று உத்தரவானது. 2018 அக்டோபர் 23 அன்று நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. பட்டாசுக்கு முழுத் தடை இல்லை. ஆனால் பேரியம் உப்புகள் கூடாது. சரவெடி கூடாது. புகை குறைந்த 'பசுமைப் பட்டாசு'தான் தயாரிக்க வேண்டும். தீபாவளியன்று வெடிக்க இரண்டே மணி நேரம்.

பேரியம் நைட்ரேட்டைச் சிவகாசியில் 'பச்சை உப்பு' என்பார்கள். மத்தாப்பு, பூச்சட்டி, தரைச்சக்கரம் என்று ஒளிவிடும் சரக்குகளுக்கு அதுதான் அடிப்படை. பச்சை உப்பு இல்லாமல் தொழில் இல்லை என்றார்கள் உற்பத்தியாளர்கள். சரவெடி பின்னுவது கைவேலை. அதை நம்பியிருப்பவர்களில் பெண்கள் அதிகம்.

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 6. தீர்ப்புக்கும் பண்டிகைக்கும் நடுவே இரண்டே வாரம். ஆடிப்பெருக்குக்குப் பூஜை போட்டு விற்பனை தொடங்கி, வருடம் முழுவதும் தயாரித்த சரக்கு அதற்குள் நாடு முழுவதும் போய்ச் சேர்ந்திருக்கும். அதைத் திருப்பி எடுத்துப் பச்சை உப்பில்லாமல் செய்து அனுப்ப யாராலும் முடியாது. இதை நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. பசுமைப் பட்டாசு என்ற கட்டுப்பாடு அந்த ஆண்டு டெல்லி வட்டாரத்துக்கு மட்டும், மற்ற மாநிலங்களில் ஏற்கெனவே தயாரித்ததை இந்தத் தீபாவளிக்கு விற்கலாம் என்று அக்டோபர் கடைசியில் தளர்த்தியது. இரண்டு மணி நேரத்தை எப்போது வைத்துக்கொள்வது என்பதைத் தமிழ்நாட்டின் விருப்பத்துக்கு விட்டது. நம் ஊரில் விடியற்காலையில்தானே தீபாவளி! அதாவது, கூடம் கோணல்தான் என்று அந்த ஒரு முறை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

முடியாத ஒரு வருடம்

தீபாவளி முடிந்ததும் உண்மையான சோதனை வந்தது. பச்சை உப்பு கூடாது, சரி. அதற்குப் பதில் எது? பசுமைப் பட்டாசு என்ற பெயர் தீர்ப்பில் இருந்தது, செய்முறை ஆலைகளில் இல்லை. 2018 நவம்பரில் ஆலைகளை மூடினார்கள். 2019 மார்ச் வரை பெரும்பாலான ஆலைகள் திறக்கவில்லை. நாக்பூரில் உள்ள நீரி ஆய்வகம் புதிய கலவைகளை உருவாக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகளோடு ஒப்பந்தம் போட்டது. அவற்றை மத்திய அரசு முறைப்படி வெளியிட்டது 2019 அக்டோபர் 5 அன்று. புகைத்துகள் சுமார் 30 சதவீதம் குறையும் என்றார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிபந்தனை வந்தது 2018 அக்டோபரில். அதை நிறைவேற்றும் வழி முறைப்படி வந்தது 2019 அக்டோபரில். இடையில் ஏறத்தாழ ஒரு வருடம். மூடிய மாதங்களில் நீதிமன்றத்துக்குப் போகாதவர்கள், எந்த உத்தரவையும் மீறாதவர்கள், வாரச் சம்பளத்தை நம்பிய தொழிலாளர்கள். முதல் தண்டனை அவர்களுக்குத்தான் கிடைத்தது.

ஆறு நிறுவனங்களுக்கு வந்த நோட்டீஸ்

கதை இதோடு முடிந்திருந்தால் 'பாவம் சிவகாசி' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். முடியவில்லை. தடைக்குப் பின்னும் பேரியம் பயன்படுத்தப்படுகிறது, பெட்டியில் ஒன்றை அச்சிட்டு உள்ளே வேறொன்றை வைக்கிறார்கள் என்று மனுதாரர்கள் புகார் செய்தார்கள். 2020 மார்ச்சில் சென்னை சி.பி.ஐ. விசாரிக்க உத்தரவானது. 2021 செப்டம்பரில் அந்த அறிக்கை நீதிபதிகள் எம்.ஆர். ஷா, ஏ.எஸ். போபண்ணா முன் வந்தது. எடுத்த மாதிரிகளில் பேரியம் இருந்தது, தடைக்குப் பிறகும் பேரியம் பெருமளவு வாங்கப்பட்டது என்றது அறிக்கை. ஆறு நிறுவனங்களிடம், நீதிமன்ற அவமதிப்புக்காக உங்களை ஏன் தண்டிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டது உச்ச நீதிமன்றம்.

இங்கேதான் நம்முடைய முதல் கேள்வி திரும்பி வருகிறது. 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, சிவில் அவமதிப்பு என்றால் 'வேண்டுமென்றே கீழ்ப்படியாமை' என்கிறது. நன்னடத்தைச் சட்டத்தில் இல்லாத அந்தச் சொல் இங்கே இருக்கிறது. 2014-இல் ராம் கிஷன் எதிர் தருண் பஜாஜ் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதை விளக்கியிருக்கிறது. தெரிந்தே, எண்ணத்தோடு செய்வதுதான் 'வேண்டுமென்றே'. தவிர்க்க முடியாத சூழ்நிலையால் உத்தரவை நிறைவேற்ற முடியாமல் போயிருந்தால் தண்டிக்க வேண்டியதில்லை.

உற்பத்தியாளர்கள் தரப்பு வாதம் என்ன? சிலர் செய்த தவறுக்காக மொத்தத் தொழிலும் அழியக் கூடாது, லட்சக்கணக்கானவர்களின் பிழைப்பு இதில் இருக்கிறது என்பது முக்கியமான வாதம். சிலருடைய வேலைவாய்ப்புக்காக மற்றவர்களின் உயிர்வாழும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்பது நீதிமன்றத்தின் பதில். 2021 அக்டோபர் 29 உத்தரவில், தடை செய்த பட்டாசு விற்கப்பட்டால் தலைமைச் செயலாளர் முதல் அந்தப் பகுதிக் காவல் நிலைய அதிகாரி வரை நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. பட்டாசுக்கு முழுத் தடை இல்லை என்பதையும் அதே உத்தரவில் தெளிவாக்கியது.

எது மீறல்?

பியர்டன் வழக்கில் கேட்ட கேள்விகளையே இங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: நிறைவேற்ற முடிந்ததா? 2018 நவம்பரில் முடியவில்லை. மாற்று வழியே கையில் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பணம் கட்டு என்பது ஒன்றைச் செய்யச் சொல்லும் நிபந்தனை. பேரியம் கூடாது என்பது ஒன்றைச் செய்யாதே என்னும் நிபந்தனை. செய்யாமல் இருப்பது எப்போதும் முடியும், தொழிலை நிறுத்தினால் போதும். ஆனால் அதன் விலை பசி. அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆலைகள் மூடிக் கிடந்தன. ஆகவே அந்த ஆண்டைப் பார்த்து 'இவர்களுக்கு நீதிமன்றத்தின் மேல் மரியாதை இல்லை' என்று சொல்வது அநியாயம்.

இரண்டாவது: நேர்மையாக முயன்றார்களா? நீரியோடு ஒப்பந்தம் போட்டுக் கலவையை மாற்றியவர்கள் முயன்றவர்கள். அதில் சந்தேகம் இல்லை.

மூன்றாவது: முடியவில்லை என்பதை முன்கூட்டிச் சொன்னார்களா? பியர்டன் தாமதமாகும் என்று அலுவலகத்துக்குச் சொல்லியிருந்தார். நன்னடத்தைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவும் இதற்குத்தான் வழி வைத்திருக்கிறது. உற்பத்தியாளர்கள் சங்கமும் அப்படி நேர்வழியில் நீதிமன்றத்துக்குப் போனது. மாற்றிய கலவையில் பேரியத்தை அனுமதியுங்கள், சரவெடியை அனுமதியுங்கள் என்று கேட்டது. 2023 செப்டம்பர் 22 அன்று நீதிபதிகள் ஏ.எஸ். போபண்ணா, எம்.எம். சுந்தரேஷ் அமர்வு அதை நிராகரித்தது. கேட்டுத் தோற்றவர்கள் அவர்கள். கேட்டது குற்றமாகாது.

இனி மறுபக்கம். தடை செய்த பொருளை வாங்கி, பெட்டியின் மேல் வேறு பெயர் போட்டு விற்ற ஒருவர் இருந்தால், அவர் 'முடியவில்லை' என்று சொல்லவே முடியாது. முடியாதவன் மறைக்க மாட்டான். மறைத்தவனுக்கு விதியும் தெரியும், தான் மீறுவதும் தெரியும். பொய் லேபிள் ஒட்டும் அந்த நிமிடத்திலேயே 'வேண்டுமென்றே' என்பதற்கான சாட்சியை அவரே எழுதிக் கொடுத்துவிடுகிறார். லட்சம் தொழிலாளர்களின் பிழைப்பு என்ற வாதம் அவரைக் காப்பாற்றக் கூடாது. ஏனென்றால் அவர் ஒருவரால் அந்த லட்சம் பேருடைய வாதத்தின் நம்பகத்தன்மையே போய்விடுகிறது. விதியை மதித்துக் கலவையை மாற்றிய பக்கத்து ஆலைக்காரரும் சந்தையில் அடி வாங்குகிறார்.

ஆக, 'நிபந்தனை நிறைவேறவில்லை' என்ற ஒரே வரியின் கீழ் சிவகாசியில் பல வகையினர் இருந்தார்கள். மூடியவர்கள், மாற்றியவர்கள், நீதிமன்றத்தில் கேட்டவர்கள், மறைத்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள். எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தினால் நேர்மையாக இருந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். எல்லோரையும் ஒன்றாக மன்னித்தாலும் அப்படித்தான்.

நிபந்தனை போடுபவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்தக் குழந்தைகள் கேட்டது நியாயமான கேள்வி. டெல்லிக் குழந்தையின் நுரையீரலும் சாத்தூர்க்காரப் பெண்ணின் அடுப்பும் எதிரெதிர் கட்சிகள் அல்ல. பேரியம் கலந்த மருந்தைத் தினமும் கையால் தொடுவது அந்தப் பெண்தானே! ஆனால் வேண்டாம் என்று சொல்லும் நாளுக்கும் இதைச் செய் என்று வழி காட்டும் நாளுக்கும் இடையே ஒரு வருடம் போனால், அந்த இடைவெளியில் நேர்மையானவர்கள் பட்டினி கிடப்பார்கள், மற்றவர்கள் குறுக்குவழி கண்டுபிடிப்பார்கள். அவகாசத்தையும் மாற்று வழியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகும் மீறுபவர் யார் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். கூடத்தை முதலில் நேராக்கி வைத்துவிட்டால், கோணல் என்று சாக்குச் சொல்ல யாருக்கும் வாய் இருக்காது.